இரண்டு மடிப்பு

சின்ன வயதில் யாருடைய எச்சிலைச் சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்டதும் செந்தூர்பாண்டி நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார்.

"எங்க வீட்ல அந்தப் பழக்கம் கெடையாது" என்றார்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்றார் டாக்டர் யாமினி. "ஆனா இந்தக் கிருமி காத்துல வர்றதில்ல சார். வாய்லேருந்து வாய்க்குத்தான் வரும்."

செந்தூர்பாண்டிக்கு அறுபது வயது. கோவில்பட்டியில் மூன்று தலைமுறையாகக் கடலைமிட்டாய் போடும் குடும்பம். வீட்டில் தண்ணீரை அண்ணாந்துதான் குடிப்பார்கள். டம்ளர் உதட்டில் பட்டுவிட்டால் கழுவி வைக்க வேண்டும், யாரும் பார்க்காவிட்டாலும்.

கிருமி புதிதல்ல. மனிதனுக்கு வயிறு இருக்கிற காலம்தொட்டு அதில் குடியிருப்பது. ஊரில் பாதிப் பேருக்கு உண்டு. இருப்பது தெரியாமலே வாழ்ந்து வேறு எதனாலாவது செத்துப்போவார்கள். சிலருக்கு மட்டும் புண்ணாகும், புண் கட்டியாகும். முன்பெல்லாம் மாத்திரையில் போய்விடும். மாத்திரைகள் ஒவ்வொன்றாகத் தோற்றன. கடைசி மாத்திரை தோற்றது செய்தியில்கூட வரவில்லை.

செந்தூர்பாண்டியின் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். புண் இருந்தது. புண்ணின் ஓரம் டாக்டருக்குப் பிடிக்கவில்லை.

"வயித்தோட உள்சுவர்ல காவல் செல்கள் இருக்கு" என்றார் டாக்டர். "ரத்தத்துல சுத்துற ஆளுங்க இல்ல. அங்கேயே குடியிருந்து அங்கேயே வேலை பாக்கிறவங்க. இவ்வளவு வருஷம் ஒரே கிருமியோட பழகிட்டாங்க. இப்ப அது அட்டூழியம் பண்ணுது. இவங்க கண்டுக்க மாட்டேங்கிறாங்க."

"டிரான்ஸ்பர் இல்லாத போலீஸ்காரன் மாதிரி" என்றாள் ரஞ்சிதம். செந்தூர்பாண்டியின் மனைவி.

"அதேதான். அதனால வெளியூர்லேருந்து ஆள் போடுறோம். இவருக்குக் கிருமி யார்கிட்டேருந்து வந்துச்சோ, அவங்க வயித்துலேருந்து காவல் செல்களை எடுத்து, வளர்த்து, இவர் வயித்துல வைப்போம். அவங்க இந்தக் கிருமியோட அப்பனைப் பார்த்தவங்க. பிள்ளை எந்த வேஷத்துல வந்தாலும் மூக்கைப் பார்த்தே கண்டுபிடிச்சுடுவாங்க. ஊரும் புதுசு, அதனால வேலையும் பார்ப்பாங்க."

"பிள்ளையப் பாத்தவங்க அப்பனக் கண்டுபிடிக்க மாட்டாங்களா?" என்றாள் ரஞ்சிதம்.

"மாட்டாங்க. பிள்ளை புதுசாப் பழகினது மட்டும்தான் அவங்களுக்குத் தெரியும். மேலேருந்து கீழதான் கொடுக்க முடியும். கீழேருந்து மேல முடியாது."

"குடுக்கிறவங்களுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"எடுத்த இடத்துல கொஞ்ச காலம் காவல் இருக்காது. வருஷம் பூரா காரம் கூடாது. சிலருக்குப் புண் வரும். ரத்தம் கொடுக்கிற மாதிரி இல்லம்மா. கேட்கிறதுக்கு யோசிச்சுத்தான் கேட்கணும்."

"ஆள் கெடைக்கலன்னா?" என்றார் செந்தூர்பாண்டி.

"புண்ணை மருந்துல கட்டி வச்சிருக்கோம். சில பேருக்கு வருஷக்கணக்கா நிக்கும். நிக்கலன்னா வயித்தை எடுத்துடணும். வயிறு இல்லாம இருக்கலாம் சார். கொஞ்சம் கொஞ்சமா சாப்பிட்டுக்கலாம். இனிப்பு மட்டும் ஆகாது. ஒரு துண்டு தின்னா வேர்த்துக் கொட்டும், தலை சுத்தும்."

ஒவ்வொரு நாளும் முதல் பாகில் போட்ட மிட்டாயைக் கடித்துப் பார்க்காமல் செந்தூர்பாண்டி தட்டை வெளியே விட்டதில்லை. நாக்கு சொல்லும். ஆனால் விழுங்கினால்தான் நாக்கை நம்ப முடியும் என்பது அவர் எண்ணம்.

ஆள் தேடினார்கள். அப்பாவும் அம்மாவும் காலமாகிவிட்டார்கள். அக்காவைச் சோதித்தார்கள், அவள் வயிற்றில் கிருமியே இல்லை. ரஞ்சிதத்தின் வயிற்றிலும் இல்லை.

"இத்தனை வருஷமா ஒரே வீட்ல இருக்கீங்க" என்றார் டாக்டர்.

"வீடு ஒண்ணுதான்" என்றாள் ரஞ்சிதம்.

பள்ளிக்கூடத்தில் யாருடனாவது பங்கு போட்டுச் சாப்பிட்டதுண்டா என்று டாக்டர் கேட்டார். செந்தூர்பாண்டி யோசித்தார்.

"காக்காக்கடி கடிச்சிருக்கோம். அது எச்சில் கணக்குல வராது."

டாக்டர் சென்னையில் வளர்ந்தவர். அங்கே பிள்ளைகள் ஆளுக்கொரு பாக்கெட் வாங்கிக்கொண்டார்கள். காக்காக்கடி என்றால் என்னவென்று கேட்டார்.

செந்தூர்பாண்டி மனைவியின் பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்தார். அதன்மேல் சட்டை நுனியைப் போட்டு, துணியோடு சேர்த்துக் கடித்தார். துணியை விலக்கியபோது பிஸ்கட் இரண்டாகியிருந்தது.

"இதான். வாய் படாது."

டாக்டர் சட்டை நுனியைப் பார்த்தார். ஈரமாக இருந்தது.

"கிருமி துணியில நின்னுடும்னு நினைச்சீங்க."

"ஊர்ல எல்லாரும் நெனச்சோம்."

"யாரோட கடிச்சீங்க?"

"பேச்சிமுத்துன்னு ஒருத்தன். அவன் கூடத்தான். வீட்லேருந்து டவுசர் பையில மிட்டாய் எடுத்துட்டுப் போவேன். அவனுக்குன்னா துணிய ரெண்டு மடிப்பா மடிச்சுக்கிடுவேன்."

"ரெண்டு எதுக்கு?" என்றாள் ரஞ்சிதம்.

"கூடுதல் கவனம்."

"அவுக வீடு எந்தப் பக்கம்?"

"தெக்க."

ரஞ்சிதம் அதற்கு மேல் கேட்கவில்லை. டாக்டருக்குத் திசை புரியவில்லை.

"அவன்ட்டேருந்துதான் வந்திருக்கும்" என்றார் செந்தூர்பாண்டி. கிருமி வந்த வழி தெரிந்ததில் அவருக்கு நோயிலேயே பாதி குறைந்தமாதிரி இருந்தது.

பேச்சிமுத்து ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று, பாளையங்கோட்டையில் வீடு கட்டிக்கொண்டு இருந்தார். போனில் நீ என்பதா நீங்கள் என்பதா என்று தெரியாமல் செந்தூர்பாண்டி இரண்டும் இல்லாமல் பேசினார்.

"வீட்லதான் இருக்கிறதா? வந்தா பாக்க முடியுமா?"

"வாயேன்" என்றார் பேச்சிமுத்து.

போனார்கள். காபி வந்தது. வயிற்றுப்புண், காபி ஆகாது என்றார் செந்தூர்பாண்டி. சில வீடுகளில் இதே காரணத்தை அவர் முன்பும் சொல்லியிருக்கிறார். உண்மையாக இருந்தது இதுதான் முதல்முறை. ரஞ்சிதம் தன் காபியைக் குடித்துவிட்டு, அவருடையதையும் எடுத்துக் குடித்தாள்.

செந்தூர்பாண்டி வந்த விஷயத்தைச் சொன்னார். டாக்டர் சொன்ன அப்பனையும் பிள்ளையையும் காவலையும் சொன்னார். ஒரு வருடம் காரம் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதைக் கடைசியாகச் சொன்னார். பேச்சிமுத்து குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்ப என் எச்சிதான் அம்பது வருசமா ஒன் வயித்துல இருந்திருக்கு."

"அப்படித்தான் தெரியுது."

"யாருக்குத் தெரியுது? டாக்டருக்கா, ஒனக்கா?"

"சோதிச்சாத் தெரியும்."

"ரெண்டு மடிப்பு போடுவியே செந்தூரு."

"போட்டேன்."

"பத்தலபோல" என்றார் பேச்சிமுத்து.

ரஞ்சிதம் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு சுவரைப் பார்த்தாள். அங்கே ஒரு பெண்ணின் படம் மாலையோடு இருந்தது. நாற்பது வயது இருக்கும்.

"தங்கச்சி. காளீஸ்வரி" என்றார் பேச்சிமுத்து. "இவளுக்கும் வயித்துலதான். கட்டி. பாக்கும்போதே முத்திப்போச்சு. அப்ப இந்த வைத்தியமெல்லாம் வரல." பிறகு செந்தூர்பாண்டியிடம், "ஒனக்கு ஞாபகம் இருக்கா? நீ குடுக்கிற துண்ட நான் முழுசாத் திங்க மாட்டேன். ஏம்ல மிச்சம் வைக்கன்னு கேப்ப."

"கேட்டிருக்கேன்."

"இவளுக்குத்தான். கொஞ்சத்தக் கடிச்சுட்டு மிச்சத்த இவ வாயில போடுவேன். எங்களுக்குள்ள துணியெல்லாம் கெடையாது."

பேச்சிமுத்து எழுந்து மாலையை நேராக்கிவிட்டு உட்கார்ந்தார்.

"மொளகா இல்லாம ஒரு வருசம்" என்றார் பேச்சிமுத்து. "எங்க வீட்டுக்காரி கொழம்புலேருந்து எனக்கு ஒரு விடுதல." உள்ளேயிருந்து ஒரு குரல், கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் என்றது. "சரி. கேட்டு வந்தவன இல்லன்னு அனுப்பக் கூடாது. எப்ப வரணும்?"

காரில் திரும்பும்போது ரஞ்சிதம் சொன்னாள், "நீங்க அவுகள நீன்னும் சொல்லல, நீங்கன்னும் சொல்லல. அவுக ஒங்கள நீன்னு சொன்னாக."

"கவனிச்சேன்" என்றார்.

பேச்சிமுத்துவின் வயிற்றைச் சோதித்து முடித்து, டாக்டர் மூவரையும் உட்காரவைத்தார். மேசையில் எந்தக் காகிதமும் இல்லை. அதுவே செந்தூர்பாண்டிக்கு நல்ல அறிகுறியாகப் படவில்லை.

"ஒரே வம்சம்தான்" என்றார் டாக்டர். "சந்தேகமே இல்ல. உங்க ரெண்டு பேர் கிருமியும் அப்பனும் பிள்ளையும்."

"அப்ப எடுத்துக்கிட வேண்டியதுதானே" என்றார் பேச்சிமுத்து.

"நான் ஒண்ணு கேட்டிருக்கணும். கேட்காம விட்டுட்டேன். அந்தக் காக்காக்கடி. கடிச்சது யாரு?"

"நாங்க ரெண்டு பேரும்தான்" என்றார் செந்தூர்பாண்டி.

"இல்ல. பல்லு யாரோடது?"

செந்தூர்பாண்டி நினைத்துப் பார்த்தார். மிட்டாய் அவருடையது. சட்டை அவருடையது. அவன் வாய் தன் மிட்டாயில் பட்டுவிடக் கூடாது. அதனால் எப்போதும் அவரே கடித்தார். கடித்து, உடைந்த துண்டை அவன் உள்ளங்கையில் மேலேயிருந்து போடுவார்.

"இவன்தான் கடிப்பான்" என்றார் பேச்சிமுத்து. "நான் கைய நீட்டுவேன்."

"அப்ப சரியா வருது. அப்பன் இவரோடது. பிள்ளை உங்களோடது. இவர்கிட்டேருந்து உங்களுக்கு வந்திருக்கு."

"துணி இருந்துச்சே" என்றார் செந்தூர்பாண்டி. சொன்ன பிறகு அது எவ்வளவு சின்னப் பேச்சு என்று தெரிந்தது.

"இருந்துச்சு. அது உங்க வாய்க்கும் மிட்டாய்க்கும் நடுவுல இருந்துச்சு. அதாவது உங்க எச்சில் அவருக்குப் போகாம இருக்க. அப்ப ரெண்டு மடிப்பு யாரைக் காப்பாத்த?"

டாக்டர் குத்தலாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை.

"கூடுதல் கவனம்னு சொன்னாரு" என்றாள் ரஞ்சிதம்.

பேச்சிமுத்து அந்த இரண்டு வார்த்தைகளையும் ஒருமுறை மெதுவாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு டாக்டரிடம் கேட்டார்.

"எனக்கு வந்தது என் தங்கச்சிக்குப் போயிருக்கும்ல?"

"இப்ப சோதிக்க முடியாது. போயிருக்கலாம்."

"ம்."

செந்தூர்பாண்டி தன் சட்டையின் கீழ் நுனியைப் பிடித்துக்கொண்டிருப்பதைக் கவனித்துக் கையை எடுத்தார்.

"இன்னொண்ணும் இருக்கு" என்றார் டாக்டர். "குடுக்க வந்தவரை முழுசாப் பார்த்துட்டுத்தான் எடுப்போம். பார்த்ததுல உங்க வயித்துலயும் ஒரு இடம் மாறியிருக்கு. ஆரம்பம்தான். காவல் மாத்தினா நின்னுடும். மாத்தலன்னா நிக்காது."

"யாரோட காவலப் போடணும்?" என்றார் பேச்சிமுத்து.

டாக்டர் செந்தூர்பாண்டியைப் பார்த்தார். மேலேயிருந்து கீழேதான் கொடுக்க முடியும்.

"ஆனா அவர் புண்ணு இருக்கிற நிலைமைக்கு, அங்க கை வச்சா ரத்தம் நிக்காது. எடுக்கிறதுன்னா எடுத்த கையோட வயித்தையும் எடுத்துடணும். எடுக்கலன்னா, மருந்துல இப்படியே நாளைத் தள்ளலாம். நாலு வருஷம் நிக்கலாம். பத்து வருஷம்கூட நின்னிருக்கு."

"எனக்கு மேல யாரு?" என்றார் செந்தூர்பாண்டி. "எனக்குக் குடுத்தது யாரு? அவங்களக் கண்டுபிடிச்சா ரெண்டு பேருக்கும் ஆச்சுல்ல?"

"ஆச்சு. யாரு?"

கேள்வியைக் கேட்ட பிறகுதான் பதில் வந்தது. அடுப்படி. பாகுக்கொப்பரை. அப்பா ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுப்பார். கெட்டியானதை முன்பல்லில் வைத்து டக்கென்று உடைப்பார். பாதியைத் தான் மென்றுகொண்டு மறு பாதியை மகனின் நாக்கில் வைப்பார். பதம் தெரிஞ்சுக்கோ. டம்ளர் உதட்டில் பட்டதற்காக அம்மாவை நாள் முழுக்கத் திட்டிய மனிதர். தொழிலில் எச்சில் கிடையாது என்று நினைத்தாரோ என்னவோ. அக்காவை அடுப்படிப் பக்கம் விட்டதில்லை, பொம்பளைப் பிள்ளைக்குப் பதம் எதற்கு என்று. அவள் வயிறு சுத்தமாக இருந்தது.

"எங்க அப்பா" என்றார் செந்தூர்பாண்டி. "எரிச்சாச்சு."

வெளியே வராந்தாவில் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ரஞ்சிதம் காரை எடுத்து வரப் போயிருந்தாள்.

"இப்ப நான் ஒன்ட்ட கேக்கணும் போலருக்கு" என்றார் பேச்சிமுத்து.

செந்தூர்பாண்டி காத்திருந்தார்.

"கேக்க மாட்டேன். சின்னப் பிள்ளையில கைய நீட்டுனது போதும்." அவர் எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். "கோவமா போறேன்னு நெனைக்காத. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"கார்ல விட்டுர்றேன்."

"வேண்டாம்."

ரஞ்சிதம் அந்த வாரம் முழுவதும் இட்லியைக் குழைவாக வைத்தாள், மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள். ஒரே ஒருமுறை, துணி மடிக்கும்போது, அவருடைய கைக்குட்டையை மடித்தாள், யோசித்தாள், இன்னொரு முறை மடித்தாள். அவர் பார்க்கும்படித்தான் செய்தாள்.

செந்தூர்பாண்டி கணக்குப் போட்டுப் பார்த்தார். மருந்து நின்றால் பத்து வருடம். பத்து வருடம் மிட்டாய் கடிக்கலாம். நின்றால். அந்தப் பத்து வருடத்தில் பாளையங்கோட்டையில் சுவரில் இரண்டு படம் இருக்கும். இரண்டும் தன் பல்லில் ஆரம்பித்தவை. நான் வேண்டுமென்று செய்யவில்லை என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். உண்மைதான். வேண்டுமென்று செய்தது மடிப்பு மட்டும்தான்.

ஒரு காலையில் முதல் பாகு இறங்கியது. தட்டில் பரப்பி, உருளை ஓட்டி, துண்டு போட்டார்கள். பாகுக்காரர் ஆவுடையப்பன் வழக்கம்போல ஒரு துண்டை நீட்டினார். செந்தூர்பாண்டி கடித்தார். வழக்கத்தைவிட நிதானமாக மென்றார். விழுங்கினார்.

"பதம் எப்படி மொதலாளி?"

"நல்லாருக்கு. நாளையிலேருந்து நீங்களே பாத்துக்கிடுங்க."

"நானா? எனக்குச் சுகர் இருக்கே."

"அப்ப சுகர் இல்லாத ஆளாப் பாருங்க."

இன்னொரு துண்டை எடுத்து அதையும் தின்றார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு டாக்டருக்குப் போன் போட்டார்.

"எப்ப வரணும்?" என்றார்.

வயிறு போனது. அதிலிருந்து எடுத்த காவல் செல்கள் கண்ணாடிக் குடுவையில் வளர்ந்தன. டாக்டர் ஒருநாள் அவரைக் கூட்டிப்போய்க் காட்டினார். கலங்கின தண்ணீர் மாதிரி இருந்தது. இவ்வளவுதானா என்று கேட்டார். இவ்வளவுதான் என்றார் டாக்டர். பிறகு அவை பேச்சிமுத்துவின் வயிற்றுக்குப் போய், புது ஊரில் பொறுப்பேற்றுக்கொண்ட அதிகாரிகள்போல முதல் கொஞ்ச நாள் கெடுபிடி செய்தன. காய்ச்சல் வந்தது, போனது. மாறியிருந்த இடம் பரவாமல் நின்றது. நின்றது என்று டாக்டர் உறுதியாகச் சொல்ல மழைக்காலம் வந்துவிட்டது.

அந்த மழையில் பேச்சிமுத்து கோவில்பட்டிக்கு வந்தார். வீட்டின் முன்வாசல் வழியாக வந்து, சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தார். செந்தூர்பாண்டி பாதியாக இருந்தார். கிண்ணத்தில் கொஞ்சம் கஞ்சியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரமாகக் குடித்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்க?" என்றார் செந்தூர்பாண்டி. நீ என்பது தானாகவே வந்துவிட்டது.

"ஒன் காவல்காரனுக இருக்கானுகளே, சரியான கிறுக்கனுக. என்னைய ஒண்ணும் திங்க விட மாட்டேங்கானுக. ஆனா மிட்டாய்க்கு மட்டும் சத்தம் போடல. பழக்கதோசம் போல."

பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்தார். செந்தூர்பாண்டியின் கம்பெனி மிட்டாய்தான். பஸ் ஸ்டாண்டில் வாங்கியிருந்தார்.

"எனக்கு ஆகாது" என்றார் செந்தூர்பாண்டி.

"தெரியும். டாக்டரம்மாட்ட கேட்டுட்டுத்தான் வந்தேன். பயறளவு தின்னா ஒண்ணும் ஆகாதாம்."

ரஞ்சிதம் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

பேச்சிமுத்து கைக்குட்டையை எடுத்தார். வெள்ளை, இஸ்திரி போட்டது. மிட்டாயின் மேல் போட்டார். எடுத்தார். ஒருமுறை மடித்தார், ஓரங்கள் சேரும்படி. மறுபடியும் மடித்தார். மிட்டாயின் மேல் போட்டு, துணியோடு சேர்த்துக் கடித்தார். டக்கென்று சத்தம் வந்தது. துணியை விலக்கி ஒரு சின்னத் துணுக்கைப் பிரித்தெடுத்தார். அதில் நெசவின் தடம் ஈரமாகத் தெரிந்தது.

"நீட்டு" என்றார்.

செந்தூர்பாண்டி கையை நீட்டினார். பேச்சிமுத்து துணுக்கை மேலேயிருந்து போட்டார்.

"ரெண்டு மடிப்பு எதுக்கு?" என்றார் செந்தூர்பாண்டி.

"கூடுதல் கவனம்."

செந்தூர்பாண்டி துணுக்கை வாயில் போட்டுக்கொண்டார். நெடுநேரம் மென்றார்.

"பதம் கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார்.